சதவீதம் ஏறுது, ஆஸ்பத்திரி பாக்கி மட்டும் இறங்கல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

வருஷா வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட் போட்டா மறுநாள் பேப்பர்ல ஒரு சின்ன பெட்டிச் செய்தி வரும், முன்னாள் படைவீரர் மருத்துவத்துக்கு இத்தன சதவீதம் கூடுதல் நிதின்னு. உங்க பேப்பர்லயும் வருது, மத்த பேப்பர்லயும் வருது, டில்லியில குடுக்குற அறிக்கைய அப்படியே போட்டுடறீங்க. நான் பட்டாளத்துல ஹவில்தாரா இருந்து பென்ஷன்ல வந்தவன். அந்த பெட்டிச் செய்திய படிச்சிட்டு ஊர்ல டீக்கடையில இருக்கறவங்க "என்னண்ணே, உங்களுக்கு மறுபடியும் அள்ளிக் குடுத்துட்டாங்க போல"ன்னு கேக்கறாங்க, அவங்களுக்கு பதில் சொல்லி சொல்லி அலுத்துப் போய்தான் இந்த லெட்டர். அடுத்த பட்ஜெட் வர்றதுக்கு முன்னாடி இந்த கணக்கு ஒரு தடவயாவது அச்சுல வரணும்னு நெனக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், வெட்டறதா இருந்தா கதைய வெட்டுங்க, நம்பர வெட்டாதீங்க.

முதல்ல அந்த சதவீதத்தையே எடுத்துக்குவோம். ஈ.சி.எச்.எஸ்.னு (எக்ஸ்-சர்வீஸ்மென் கான்ட்ரிபியூட்டரி ஹெல்த் ஸ்கீம்) ஒரு திட்டம், முன்னாள் ராணுவத்தினரும் அவங்க குடும்பமும் பங்களிப்பு கட்டி சேர்ற மருத்துவத் திட்டம். அதுக்கு 2022-23 பட்ஜெட்ல போட்டது 3,582 கோடி. 2023-24ல 5,431 கோடி. 2024-25ல 6,968 கோடி, 28 சதவீதம் உயர்வுன்னு சொன்னாங்க. 2025-26ல 8,317 கோடி, 19 சதவீதத்துக்கு மேல உயர்வுன்னு சொன்னாங்க. மூணு வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல போயிருக்கு, இத பாத்தா யாருக்கும் இவனுங்களுக்கு என்ன கொறைன்னுதான் தோணும். ஆனா அந்த 28 சதவீதம் உயர்வுன்னு சொன்ன அதே அரசு அறிக்கையிலேயே கீழ இன்னொரு வரி இருந்துச்சு, 2023-24ல திருத்திய மதிப்பீடு (வருஷத்து நடுவுல திரும்பப் போடற கணக்கு) போடும்போது சிகிச்சை செலவுக்கு 70 சதவீதம் கூடுதலா ஏற்கெனவே குடுத்திருக்கோம்னு. அவங்க பெருமையாத்தான் அத சொன்னாங்க. எனக்கு அத படிச்சதும்தான் விஷயமே புரிஞ்சுது.

அதாவது வருஷ ஆரம்பத்துல 100 ரூபா போதும்னு சொல்லி ஆரம்பிச்சிருக்காங்க, நடுவுல பத்தாம 170 ரூபா ஆயிடுச்சு (ஈ.சி.எச்.எஸ்.ல சிகிச்சை செலவுதான் பெரும்பங்கு, அதனால தோராயமா மொத்தத்துக்கும் இப்படி வெச்சுக்கலாம்), அடுத்த வருஷத்துக்கு ஒதுக்கினது 128 ரூபா. 170 செலவான இடத்துல 128 வெச்சிட்டு உயர்வுன்னு சொன்னா அது எதோட ஒப்பிட்டு? போன வருஷ ஆரம்பத்துல போட்ட பத்தாத தொகையோட ஒப்பிட்டு. போன வருஷம் நெஜமா செலவானதோட ஒப்பிட்டு இல்ல. 2025-26க்கு சொன்ன 19 சதவீதமும் இதே மாதிரி ஆரம்பத் தொகைக்கும் ஆரம்பத் தொகைக்கும் போட்ட கணக்குதான். உங்க நிருபர் யாராவது ஒருத்தர் இந்த ஒரு கேள்விய கேட்டிருந்தா அந்த பெட்டிச் செய்தியோட தலைப்பே மாறியிருக்கும், கோவிச்சுக்காதீங்க, உள்ளத சொல்றேன்.

இப்படி ஆரம்பத்துல கம்மியா போட்டுட்டு நடுவுல சேத்துக் குடுத்தா என்ன தப்பு, மொத்தத்துல காசு வந்துடுதேன்னு கேக்கலாம். வர்ற நேரம்தான் தப்பு. இந்த காசு எப்படி ஓடுதுன்னு வெளிய இருக்கறவங்களுக்கு தெரியாது, நான் சொல்றேன். எங்களுக்கு உடம்பு சரியில்லன்னா முதல்ல ஈ.சி.எச்.எஸ். நடத்தற பாலிகிளினிக் போகணும், அங்க டாக்டர் பாத்து பெரிய வைத்தியம் வேணும்னா ரெஃபரல் போட்டு குடுப்பார், அத எடுத்துக்கிட்டு எம்பேனல் ஆன, அதாவது ஈ.சி.எச்.எஸ். பட்டியல்ல சேந்த பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு போனா கேஷ்லெஸ்ஸா பாக்கணும், ஒரு பைசா வாங்கக்கூடாது. ஆஸ்பத்திரி அந்த பில்ல ஆன்லைன்ல ஏத்தும், அத ஒரு ஏஜென்சி பாத்து இது வெட்டு அது வெட்டுன்னு வெட்டி அனுப்பும், அப்புறம் ரீஜனல் சென்டர்ல அதிகாரி பாஸ் பண்ணனும், அப்புறம் கைல ஃபண்டு இருந்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு பணம் போகும். கடைசியா சொன்னேன் பாருங்க, அங்கதான் எல்லாம் நிக்குது. பில் பாஸ் ஆகி ரெடியா இருக்கும், ஃபண்டு இருக்காது. திருத்திய மதிப்பீட்டுல காசு வர்றவரைக்கும் ஆஸ்பத்திரி காத்துக்கிட்டு இருக்கணும். மார்ச் 31 தாண்டுச்சுன்னா பழைய பாக்கி எல்லாம் புது வருஷ தலையில ஏறும், ஏப்ரல்ல வர்ற புது காசு போன வருஷ பாக்கிக்கே போகும், அப்புறம் இந்த வருஷத்துக்கு எங்க இருக்கும், மறுபடியும் பாதி வழியில தட்டுப்பாடு.

கிராமத்து மளிகைக் கடை நோட்டு மாதிரிதான் இது. மாசா மாசம் கொஞ்சம் கட்டுவோம், பாக்கிய அடுத்த பக்கத்துக்கு எழுதிக்குவார், நோட்டு முடியவே முடியாது, கடைக்காரர் நம்மள பாத்தா எண்ணெய் தீந்துடுச்சுன்னு சொல்ல ஆரம்பிப்பார், பின்னாடி டின் நிக்கறது நம்ம கண்ணுக்கே தெரியும். ஆஸ்பத்திரியும் அதத்தான் சொல்லுது, எண்ணெய்க்கு பதிலா பெட்டு.

எங்க பக்கம் நடந்தத ஒண்ணு சொல்றேன், ஆஸ்பத்திரி பேர் ஊர் பேர் எதுவும் வேண்டாம், எனக்கு சண்டை போட நோக்கமில்ல. கூட சர்வீஸ் பண்ணவர், அவர் போயி சேந்துட்டார், அவர் சம்சாரம் இருக்காங்க, ஃபேமிலி பென்ஷன்தான். ஒரு நாள் ராத்திரி நெஞ்சு வலின்னு பையன் கூட்டிட்டுப் போயிருக்கான், வாசல்லயே ஈ.சி.எச்.எஸ். ஏற்கப்படும்னு போர்டு இருக்கற ஆஸ்பத்திரி. கவுன்டர்ல கார்ட பாத்துட்டு "இப்ப ஈ.சி.எச்.எஸ். அட்மிஷன் எடுக்கறதில்ல, பெட் இல்ல, கேஷ்னா பாக்கலாம்"னு சொல்லியிருக்காங்க, அதாவது கேஷ்னா பெட் இருக்கு. பையன் பயந்து போயி பக்கத்துல இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஓடினான், அது எம்பேனல்ல இல்ல. உயிர் பொழச்சாங்க, ஸ்டென்ட் வெச்சாங்க, நகைய வெச்சுத்தான் பில் கட்டினாங்க. எமர்ஜென்சின்னா எம்பேனல் இல்லாத இடத்துலயும் பாத்துக்கலாம், 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்கு தகவல் சொல்லணும், அப்புறம் கிளெய்ம் போடலாம்னு ரூல் இருக்கு, அதெல்லாம் சரியாத்தான் பண்ணினோம். ஆனா கிளெய்ம் வந்தா சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியருக்கான மருத்துவத் திட்டம்) ரேட்டுலதான் வரும், கட்டினது ஒண்ணு வர்றது ஒண்ணு, மீதி அந்த அம்மா தலையில. அதுவும் ஃபண்டு வந்தாத்தான். நகை இன்னும் பேங்க்லதான் இருக்கு.

இதுக்கு அந்த முதல் ஆஸ்பத்திரிய மட்டும் திட்டி பிரயோஜனம் இல்லன்னுதான் நான் சொல்லுவேன், எங்க சங்கத்துல சில பேர் இதுக்கே எம்மேல கோவமா இருக்காங்க. அவன் பக்கத்தையும் பாருங்க. 2014ல போட்ட சி.ஜி.எச்.எஸ். ரேட்டுலதான் பெரும்பாலான ஆபரேஷனுக்கு 2025 வரைக்கும் பாத்தாங்க, நடுவுல 2023ல டாக்டர் பாக்கற ஃபீஸு 150ல இருந்து 350 ஆச்சு, ரூம் வாடகை ஐ.சி.யூ. ரேட்டு கொஞ்சம் மாத்தினாங்க, அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு முந்தின ரேட்டு, அதுல வெட்டு போக மீதி, அதுவும் எப்ப வரும்னு தெரியாது. நர்ஸுக்கு சம்பளம் மாசம் பொறந்தா குடுத்துத்தானே ஆகணும். பெரிய ஆஸ்பத்திரி தாங்கும், தாலுகா டவுன்ல 50 பெட்டு வெச்சிருக்கறவன் எத்தன நாள் தாங்குவான்? அவன்தான் முதல்ல எம்பேனல்ல இருந்து வெலகறான், கிராமத்துல இருக்கற எங்களுக்கு பக்கத்துல இருக்கறதும் அவன்தான்.

இப்ப ஒரு நல்லது நடந்திருக்கு, அதுல ஒரு ஆபத்தும் இருக்கு, அத யாரும் பேசல. 2025 அக்டோபர் 13ல இருந்து சி.ஜி.எச்.எஸ். ரேட்ட மத்திய அரசு மாத்திடுச்சு, கிட்டத்தட்ட 2,000 வகை சிகிச்சைக்கு புது ரேட்டு. ஈ.சி.எச்.எஸ். எப்பவும் சி.ஜி.எச்.எஸ். ரேட்ட வெச்சுத்தான் ஓடும், அதனால எங்களுக்கும் அதே ரேட்டுதான். சந்தோஷம், ஆஸ்பத்திரிங்க கேட்டுக்கிட்டு இருந்தது கெடச்சிருக்கு. ஆனா ரேட்டு ஏறினா பில் ஏறும், பில் ஏறினா 8,317 கோடி மாதிரி தொகை இன்னும் சீக்கிரம் தீரும். பழைய ரேட்டுலயே பத்தாத காசு புது ரேட்டுல எப்படி பத்தும்? ரேட்ட மாத்தின கையோட அதுக்கு தகுந்த மாதிரி ஒதுக்கீட்டையும் மாத்தலன்னா, பேப்பர்ல நல்ல ரேட்டு இருக்கும், கைல பாக்கி இன்னும் பெருசா இருக்கும். பட்ஜெட்ல வர்ற நம்பர பாக்கும்போது இத மனசுல வெச்சுக்கிட்டு பாருங்க, பழைய ஆரம்பத் தொகையோட ஒப்பிட்டு இத்தன சதவீதம்னு மட்டும் பாக்காதீங்க.

இலவசம் இலவசம்னு பேசறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். இது இலவசம் கெடையாது. பேர்லயே பங்களிப்பு இருக்கு. 2003 ஏப்ரல் 1ல ஈ.சி.எச்.எஸ். ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி ரிட்டயர் ஆனவனுக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரிய விட்டா வேற வழியில்ல, அதுவும் எடம் இருந்தாத்தான், சர்வீஸ்ல இருக்கறவனுக்குத்தான் முதல் உரிமை, அது நியாயமும்கூட. நம்ம மாநிலத்துல பரங்கிமலையிலயும் வெலிங்டன்லயும் இருக்கு, தேனிக்காரனும் நாகர்கோவில்காரனும் அங்க எப்படி வர்றது? அதுக்காகத்தான் கிளினிக் ஊர் ஊரா வந்துச்சு, இன்னைக்கு நாடு முழுக்க 400க்கு மேல பாலிகிளினிக் இருக்கு. 1996க்கு முன்னாடி ரிட்டயர் ஆனவங்களுக்கும் போர்ல செத்தவங்க மனைவிங்களுக்கும் பங்களிப்பு கெடையாது, மத்தவங்க எல்லாம் ஒரே தடவையா கட்டணும், இப்ப இருக்கற கணக்குல சிப்பாய்ல இருந்து ஹவில்தார் வரைக்கும் 30,000, நாயப் சுபேதார்ல இருந்து சுபேதார் மேஜர் வரைக்கும் 67,000, ஆபீசருக்கு 1,20,000. ரிட்டயர் ஆகும்போதே பிடிச்சுக்குவாங்க, பிடிக்கறதுல மட்டும் ஒரு நாள்கூட தாமதம் ஆனதில்ல.

அந்தக் காசு மொத்த வாழ்நாளுக்கும் பத்தாதுதான், அது எனக்கும் தெரியும், மீதிய அரசாங்கம் போடும்னுதான் திட்டமே. அந்த மீதி எவ்வளவுன்னு பாருங்க. குடும்பத்தோட சேத்து 60 லட்சத்துக்கும் மேல பேர் இதுல இருக்கோம், 2025-26ல போட்ட 8,317 கோடிய வகுத்தா தலைக்கு வருஷத்துக்கு 14,000 ரூபா கூட வரல. எல்லாருக்கும் ஒரே நேரத்துல வியாதி வராது, சரி. ஆனா இந்த 60 லட்சத்துல எத்தன பேர் 60, 70 தாண்டினவங்கன்னு எந்த பாலிகிளினிக் வாசல்ல நின்னு பாத்தாலும் தெரியும். வாரம் மூணு தடவ டயாலிசிஸ் பண்றவர், கேன்சருக்கு ஊசி போட்டுக்கறவர், மூட்டு மாத்தவேண்டியவர், இதயத்துல ஸ்டென்ட் வெச்சவர், இவங்கதான் லைன்ல நிக்கறாங்க. மலையில மூட்டை தூக்கின முட்டி 55லயே போயிடும், பீரங்கிப் படையில இருந்தவனுக்கு காது கேக்காது. அதே 2025-26ல பாதுகாப்புத் துறைக்கு மொத்தம் 6,81,000 கோடிக்கு மேல, அதுல பென்ஷன் மட்டும் 1,60,795 கோடி. அந்த பென்ஷன் தொகையில ஈ.சி.எச்.எஸ். அஞ்சு சதவீதம் சொச்சம்தான் வந்துச்சு.

பென்ஷன் பேச்சு வந்ததால சொல்றேன், என்னோட முழு கோரிக்கையும் இதுதான். பென்ஷன் மாசக் கடைசி ஆனா அக்கவுன்ட்ல விழுது. ஸ்பர்ஷ்னு ஆன்லைன் பென்ஷன் முறை வந்தப்ப சில பேருக்கு கொளறுபடி ஆச்சு, நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் குடுக்க வயசானவங்க பட்ட பாடு தனிக்கதை, ஆனா இந்த மாசம் ஃபண்டு தீந்துடுச்சு உங்க பென்ஷன் ஜூலையில வரும்னு எந்த அரசாங்கமும் சொன்னதில்ல, சொல்லவும் முடியாது. ஏன்னா அது தவிர்க்க முடியாத செலவுன்னு கணக்குல வெச்சிருக்காங்க. எங்க வைத்தியத்துக்கு பாஸ் ஆன பில்லையும் அதே மாதிரி வையுங்க. வேற ஒண்ணும் கேக்கல. புது சலுகை வேண்டாம், புது கார்டு வேண்டாம், புது ஆப் சத்தியமா வேண்டாம். பாஸ் ஆன பில்லுக்கு குறிச்ச நாளுக்குள்ள பணம், தாமதமானா ஆஸ்பத்திரிக்கு வட்டி. வட்டி கட்டணும்னு வந்தா பாருங்க, ஆரம்பத்துலயே சரியான தொகைய போட்டுடுவாங்க, ஏன்னா வட்டி போச்சுன்னா ஆடிட்ல கேள்வி வரும், ஃபைல்ல கையெழுத்து போட்டவன் பதில் சொல்லணும். இப்ப தாமதத்துக்கு யாரும் பதில் சொல்லவேண்டியது இல்ல, வலியோட திரும்பிப் போறவன் எந்த ஃபைல்லயும் ஏறமாட்டான்.

ஆடிட் கேள்வி வராமயும் இல்ல. 2015லயே அரசாங்கக் கணக்க தணிக்கை பண்ற சி.ஏ.ஜி. இந்த திட்டத்தப் பத்தி தனியா ஒரு அறிக்க போட்டுச்சு, பாலிகிளினிக்ல மருந்து இல்லாதது, பில் தாமதம் எல்லாம் அதுலயே இருக்கு. பத்து வருஷம் ஓடிப்போச்சு. இன்னைக்கும் பாலிகிளினிக் போனா டாக்டர் அஞ்சு மாத்திரை எழுதினா மூணு கெடைக்கும், மீதி ரெண்டுக்கு என்.ஏ.ன்னு போட்டு குடுப்பாங்க, இருப்பு இல்லன்னு அர்த்தம். அத வெளிய வாங்கி பில்ல வெச்சு கிளெய்ம் போடணும். சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் மாசம் மாசம் கிளெய்ம் போட்டு அத பின்தொடர்ந்து போயி கேக்கறதுக்கு பஸ் காசும் அலைச்சலும் யாருக்கு கட்டுப்படியாகும், அதனால பாதிப் பேர் போடறதே இல்ல. போடாத கிளெய்ம் அரசாங்கத்துக்கு மிச்சம். அது எவ்வளவு மிச்சம்னு எந்த பட்ஜெட்லயும் வராது. கிளினிக்ல இருக்கற டாக்டர், பார்மசிஸ்ட், நர்ஸ் எல்லாம் காண்ட்ராக்ட், நல்ல டாக்டர் வருவார், பழகுவார், நம்ம பழைய ரிப்போர்ட் எல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகும்போது கெளம்பிடுவார். குறை சொல்ல முடியாது, வெளிய கூட சம்பளம் கெடைக்குது.

"உங்களுக்காவது பென்ஷன் இருக்கு, கேன்டீன் இருக்கு, ஓ.ஆர்.ஓ.பி. (ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்) இருக்கு, கல்லு ஒடைக்கறவனுக்கு என்ன இருக்கு"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி, நான் மழுப்ப மாட்டேன். கல்லு ஒடைக்கறவனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு, அது பெரிய விஷயம், நம்ம மாநிலம் அதுல பெருமப்படலாம், ஆனா அதுக்கு வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். பென்ஷன் வாங்கற ஹவில்தார் பெரும்பாலும் அந்தக் கோட்ட தாண்டிடுவார். 70 வயசு தாண்டினா மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத்ல சேரலாம்னு 2024ல சொன்னாங்க, ஆனா ஈ.சி.எச்.எஸ். இல்லன்னா அது, ரெண்டுல ஒண்ணுதான், அதுக்கு 5 லட்சம்னு வரம்பு வேற. பிரைவேட்ல இன்சூரன்ஸ் எடுக்கலாம்னா அறுபது வயசுக்காரனுக்கு சுகரும் ஹார்ட்டும் இருக்குன்னா ப்ரீமியத்த கேட்டே மயக்கம் வரும். இன்னொண்ணு, சிப்பாய் நாப்பது வயசுக்குள்ளயே வெளிய வந்துடறான், வெளிய வந்து செக்யூரிட்டி வேலை பாக்கறவன்தான் அதிகம். மத்த அரசு வேலைன்னா 58, 60 வரைக்கும் சம்பளமும் மருத்துவமும் இருக்கும். நாங்க சீக்கிரம் வெளிய வரணும்னு ராணுவம்தான் வெச்சிருக்கு, படை இளமையா இருக்கணும்னு. அதுக்கு பதிலாத்தான் இந்த ஏற்பாடு.

நல்லது நடந்தா சொல்லணும். 2025 அக்டோபர்ல பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் கையெழுத்து போட்டு, பென்ஷனே இல்லாத 65 வயசுக்கு மேலான முன்னாள் வீரருக்கும் விதவைக்கும் மாசம் 4,000 குடுத்தத 8,000 ஆக்கினாங்க, பிள்ளைங்க படிப்புக்கு மாசம் 1,000 இருந்தது 2,000 ஆச்சு, கல்யாண உதவி 50,000 இருந்தது ஒரு லட்சம் ஆச்சு. 2025 நவம்பர்ல இருந்து போடற அப்ளிகேஷனுக்கு இது வரும், தெரியாதவங்க உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போயி கேளுங்க, நெறய விதவைங்களுக்கு இது இன்னும் தெரியல. ஆனா இந்தக் காசு கொடிநாள் நிதியோட சேந்தது, அதாவது டிசம்பர் 7ல ஸ்கூல் பசங்க உண்டியல் குலுக்கி சேக்கற வகையறா. ஜனங்க குடுக்கறது ஜனங்க குடுக்கறதுதான், அரசாங்கம் தன் பட்ஜெட்ல போடவேண்டியது வேற. நம்ம மாநில அரசும் "முதல்வரின் காக்கும் கரங்கள்"னு 2025 ஆகஸ்ட்ல தொடங்கியிருக்கு, தொழில் தொடங்க ஒரு கோடி வரைக்கும் கடன், 30 சதவீதம் மானியம். வெளிய வந்த இளவட்டங்களுக்கு ரொம்ப நல்லது. எழுவது வயசு தாத்தா என்ன தொழில் ஆரம்பிப்பார்?

நாலு வருஷத்துக்கு மட்டும் பட்டாளத்துக்கு எடுக்கற அக்னிவீர் பத்தி பெருசா எழுதல, அது தனி லெட்டர். ஒண்ணு மட்டும். முதல் பேட்ச் பசங்க 2026 கடைசி, 2027 ஆரம்பத்துல நாலு வருஷம் முடிச்சு வெளிய வருவாங்க, நாலுல ஒருத்தர நிறுத்திக்கிட்டு மூணு பேர அனுப்புவாங்க, அந்த மூணு பேருக்கு பென்ஷனும் கெடையாது ஈ.சி.எச்.எஸ்.ஸும் கெடையாது. வருங்காலத்துல இந்தச் செலவு குறையும்னு டில்லியில யாராவது அதுக்கும் கணக்கு போட்டு வெச்சிருக்கலாம். ஆனா அந்த மிச்சம் வர இன்னும் முப்பது நாப்பது வருஷம் ஆகும். இப்ப இருக்கற நாங்க அதுவரைக்கும் வயசாகிக்கிட்டேதான் இருப்போம், எங்க பில்லு வருஷா வருஷம் ஏறத்தான் செய்யும், அத மறச்சு கம்மியா பட்ஜெட் போட்டா வியாதி கம்மியாகாது.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர், ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பின ஊர். நம்ம மாநிலத்துல இப்படி ஊருங்க நெறய. கொடிநாள் வந்தா மேடையில இந்த ஊருங்கள பத்தி பேசாத தலைவர் இல்ல. மேடை பேச்சு போதும், தமிழ்நாட்டுல இருந்து 39 பேர் லோக்சபாவுல இருக்காங்க, எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, பட்ஜெட் கூட்டத்தொடர்ல எழுத்துப்பூர்வமா ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும். கேள்விய நானே எழுதிக் குடுத்துடறேன்: 2023, 2024, 2025 மார்ச் 31 அன்னைக்கு ஈ.சி.எச்.எஸ்.ல பாஸ் ஆகியும் பணம் போகாத பில் எத்தன, எத்தன கோடி, ரீஜனல் சென்டர் வாரியா தனித்தனியா சொல்லவும்; அந்த மூணு வருஷத்துல எம்பேனல்ல இருந்து தானா வெலகின ஆஸ்பத்திரி எத்தன, அதுல மாவட்டத் தலைநகருக்கு வெளிய இருக்கறது எத்தன. பதில் வந்ததும் அத உங்க பேப்பர்ல பெட்டிச் செய்தியா போட்டுடுங்க அய்யா, அந்த சதவீதத்துக்கு பக்கத்துலயே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம், பாலிகிளினிக்ல நாளைக்கும் நான் போயி நிக்கணும்)